ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

ஜனவரி 12

அன்புள்ள தட்டுக்காரிக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். உன் முழங்கால் இப்போது படியேற ஒத்துக்கொள்கிறதா?

புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ கத்த வேண்டும், நான் "என்ன?" என்று கேட்க வேண்டும், நீ மறுபடி கத்த வேண்டும். காலமெல்லாம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனுக்குக் கடிதம்தான் காது.

வீடு கீழே ஒரு கூடம், சமையலறை, மேலே இரண்டு அறைகள். எங்கள் பையன் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு கடன் போட்டு வாங்கியது. தலை நரைக்கும்வரை தவணை கட்டுவான். அதனால் வீட்டைப் பற்றி ஒரு குறையும் அவன் காதில் விழக் கூடாது என்று நானும் அண்ணியும் முதல் நாளே பேசிக்கொண்டோம். குறை இருக்கிறது என்பதால் இல்லை. ஒரு முன்னேற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் போனில் முகம் காட்டுகிறான். கூடத்தின் கிழக்குச் சுவருக்கு முன்னால் சோபாவைப் போட்டு உட்கார்கிறோம். அண்ணி பேசுவாள். தலையாட்டுவது என் இலாகா.

வசதிகளைச் சொன்னால் உனக்குப் பொறாமை வரும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய வீட்டில் என் மாத்திரை கீழே விழுந்தால் கட்டிலடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். இங்கே எங்கே விழுந்தாலும் தானாக உருண்டு ஜன்னல் மூலைக்குப் போய்விடுகிறது. குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீ ஒரு முறை வா. வீடு சோதிக்கும் வேலைக்கு நீ கொண்டுபோகிற தட்டுக் கம்பியை மட்டும் எடுத்து வராதே. சித்தி வீட்டுக்கு முதல் தடவை போனபோது காப்பி வருவதற்குள் நீ சுவரைத் தட்டியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் சுமார். புது வீடுகளில் லிஃப்ட் கடைசியாகத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதற்குள் நான் எல்லா மாடியும் ஏறி முடித்துவிடுவேன்.

புது வீட்டுக்கு வாழ்த்து. மாத்திரை எல்லா அறையிலும் ஜன்னல் பக்கமாகவே உருள்கிறதா, அல்லது கூடத்தில் மட்டுமா? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. சாவி ஒப்படைப்புக்கு முன் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வாங்கிய பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பூச்சு காயும்போது விழும் மெல்லிய கோடு ஒன்று சுவரில் இருந்தது. கோலமாவு உதிர்ந்த மாதிரி, ஆபத்தே இல்லாதது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: "புது வீடு மெல்லத் தன் எடைக்குப் பழகிக்கொள்கிறது." அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் சோதனை நிறுவனத்து மேலாளருக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. "குறைன்னு எழுதினா கட்டினவருக்குக் கோவம் வருது, குறையில்லன்னு எழுதினா வாங்கினவருக்குக் கோவம் வருது. இதுல ரெண்டு பேருக்கும் வரல பாரும்மா" என்றார். எல்லாக் கிளைகளுக்கும் மாதிரி வாசகமாக அனுப்பிவிட்டார். அச்சில் பேர் வராத எழுத்தாளர் ஆகிவிட்டேன்.

ஓய்வாக இருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சாவியால் தரை டைல்ஸை அங்கங்கே தட்டிப் பாருங்கள். கனமான சத்தம் வந்தால் நல்லது. பொள்ளலாகக் கேட்டால் எந்த இடம் என்று எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


பிப்ரவரி 15

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் வரியை இரண்டு முறை படித்தேன். அடித்தல் திருத்தல் தேவையில்லை, அப்படியே அச்சுக்கு அனுப்பலாம். அண்ணி எதற்காவது முகம் சுளித்தால் இப்போது அதைத்தான் சொல்கிறேன். நேற்று குளியலறைக் கதவு மூட மறுத்தபோதுகூடச் சொன்னேன். கதவு மூடவில்லை, ஆனால் அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

நீ சொன்னபடி டைல்ஸைத் தட்டினேன். கூடம் முழுவதும், ஒன்று விடாமல். எதிலிருந்தும் பொள்ளல் சத்தம் வரவில்லை. கனமான சத்தமும் வரவில்லை. எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை என்பது பாதி தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீயும் மறந்திருப்பாய்.

பிறகு அண்ணியை உட்காரவைத்துத் தட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலி டப்பா மாதிரி இருக்கு. இங்கயும் டப்பா. இங்கயும் டப்பா. நீங்க என்ன, டப்பா மேலயா வீடு வாங்கிக் குடுத்திருக்கீங்க?" வாங்கியது பையன் என்று நினைவுபடுத்தினேன். உடனே "நல்ல டப்பாதான்" என்றாள்.

வீடு சத்தம் போடுகிறது என்றும் சொல்கிறாள். யாரோ விரலில் சொடக்கு எடுக்கிற மாதிரியாம். எனக்குக் கேட்காத ஒன்றைப் பற்றி நான் என்ன அபிப்பிராயம் சொல்வது?

மாத்திரை எல்லா அறையிலும் ஜன்னல் பக்கம்தான் போகிறது. ஒழுங்கான வீடு.

அண்ணன்


பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏதாவது கோடு ஓடுகிறதா? வீடு கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? குளியலறைக் கதவு தவிர வேறு கதவு எதுவும் முரண்டு பிடிக்கிறதா?

கோடு இருந்தால் அதன் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தை, இரண்டு ஓரத்திலும் இறுக்கமாக ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் முழுசாக இருந்தால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

அந்த வரியை அண்ணியிடம் சொல்ல வேண்டாம். அது வேறு ஒரு சுவருக்காக எழுதியது.

தங்கை


மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில் தாமதமாகிவிட்டது. காகிதத்துக்கு ஒரு மாதம் கொடுக்கச் சொன்னது நீதான்.

கோடு இருக்கிறது. நீ சொன்ன மூலையிலேயே, நீ சொன்ன சாய்விலேயே. பார்க்காமல் எப்படிச் சொன்னாய் என்று அண்ணி அசந்துபோனாள். குறி சொல்கிறவர்களிடம் பேசுகிற மரியாதையோடுதான் இப்போது உன்னைப் பற்றிப் பேசுகிறாள்.

காகிதம் ஒட்டினேன். பத்து நாளில் கிழிந்தது. பயந்துவிடாதே. கிழிந்த ஓரத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நார் நீளமே இல்லை. மூன்றாந்தரக் கூழ். இந்தக் காலத்துக் காகிதத்தை நம்பி ஒரு சுவரை எடை போட முடியாது. அச்சகத்தில் இருந்து ஒருவன் கொண்டுவந்து கொடுத்த நல்ல தாளை ஒட்டினேன். அதுவும் கிழிந்தது, ஆனால் எவ்வளவு நேராகக் கிழிந்தது தெரியுமா! அடுத்து அட்டை ஒட்டப்போகிறேன்.

நிலம் பற்றிக் கேட்டாய். குடியிருப்பின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. விற்பனை அலுவலகத்தில் இருக்கும் டை கட்டிய ஆளிடம், "ஏரி எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டேன். "அது மேலதான் சார் நிக்கறீங்க" என்றான். மரியாதையான ஆள்.

கதவுகள் முரண்டு பிடிப்பதில்லை. மாடியில் ஒரு அறையைத் திறப்பதையே விட்டுவிட்டோம், அதனால் கேள்விக்கே இடமில்லை.

கோடு கிழக்குச் சுவர் வரை எட்டிப்பார்க்கிறது. சோபாவை இரண்டடி தள்ளிப் போட்டிருக்கிறோம். போனில் ஒன்றும் தெரியாது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

காகிதம் நல்ல காகிதம்தான். சுவர்தான் நகர்கிறது. மூடிய ஏரியின் மண் இறங்குகிறது, வீடு அதோடு ஜன்னல் பக்கமாகச் சாய்கிறது. மழைக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள். இங்கே என் அறைக்கு வாருங்கள். பழைய கட்டடம்தான். இதன் விரிசல்கள் எல்லாம் எப்போதோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவை. மூன்று பேர் படுக்கலாம்.

நானே புறப்பட்டு வந்திருப்பேன். இது ஒப்படைப்புக் காலம், லீவு கேட்டால் மேலாளர் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் ஊர்க் கிளையில் இருப்பவருக்கு எழுதியிருக்கிறேன். வந்து பார்ப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள். என் பேச்சைக் கேட்காவிட்டாலும் அவர் பேச்சையாவது கேளுங்கள்.

தங்கை


மே 20

பாசமுள்ள தங்கைக்கு,

இங்கே சௌக்கியம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அண்ணியின் கோபம்தான் அந்த அளவுக்குக் கட்டுக்குள் இல்லை.

உன் கிளைக்காரர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். கம்பியால் தட்டினார், படம் எடுத்தார், தண்ணீர் குடித்தார். கோட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சார் சொல்றீங்க?" என்று அண்ணி கேட்டதற்கு, "ரிப்போர்ட்ல வரும்மா" என்றாராம்.

நேற்று அறிக்கை வந்தது. பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது எது என்று நினைக்கிறாய்? "புது வீடு மெல்லத் தன் எடைக்குப் பழகிக்கொள்கிறது."

உன் வரி, எழுத்துப் பிசகாமல்! எங்கேயோ இருக்கிற தங்கை எழுதியது ஊர் ஊராகப் போய்க் கடைசியில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். எதிர்வீட்டு ஓட்டுநரிடமும் காட்டினேன். அவர் வீட்டு அறிக்கையிலும் அதே வரி இருந்தது. "எழுதினது யாருன்னு தெரியுமா?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் வீட்டில் எல்லோரும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்களாம்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நீயே வந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரல் கடிதத்தில் நீ கொஞ்சம் பதறிவிட்டாய். நிதானமாக இருக்கும்போது எழுதியதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அண்ணன்


மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சர்க்கரை பற்றிக் கேட்டு மகிழ்ச்சி.

அந்த வரி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அது ஒரே ஒரு சுவருக்கு, ஒரு நாள் காலையில், ஒரு பெண் அழுதாள் என்பதற்காக எழுதியது. அந்தச் சுவருக்கு அது உண்மை. உங்கள் வீட்டில் அது பொய். ஓட்டுநர் வீட்டிலும் பொய்யாகத்தான் இருக்கும். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மேலாளரிடம் போனேன். நடந்ததை எழுதுகிறேன்.

"அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கணும் சார். அது எங்கண்ணன் வீடு."

"உங்கண்ணன் அங்க குடியிருக்காரா?"

"ஆமா சார்."

"அப்ப அது பழைய வீடும்மா. நாம பாக்கறது புது வீடு மட்டும்."

"வந்து ஆறு மாசம்கூட ஆகல சார்."

"ஆள் கால் வெச்சாச்சுன்னா பழசு. அது போகட்டும், உன் வரியில ஏதாவது தப்பு இருக்கா?"

"வரியில இல்ல சார். சுவர்ல இருக்கு."

"சுவரு நம்ம டிபார்ட்மெண்ட் இல்லையே" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்துக் காட்டினார். கிளைக்காரர்களுக்குக் கை வலிக்கிறதாம், அதனால் என் வரியை முத்திரையாகச் செய்துவிட்டார்கள். முதல் முத்திரையை எனக்கே பரிசாகக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்று எப்போதும் ஆசைப்பட்டிருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள்.

தங்கை


ஜூலை 9

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

நான் கடிதம் எழுதி ரொம்ப வருஷமாயிற்று, கையெழுத்தைப் பொறுத்துக்கொள். உன் அண்ணன் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேச்சே இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் என்றால் சாப்பாட்டில் காட்டுவார், சாப்பிடுகிறார்.

மழை பிடித்துக்கொண்டது. மாடிக்கு இப்போது போவதில்லை. கூடத்தில் வாசல் பக்கமாகப் பாயைப் போட்டுப் படுக்கிறோம். வீடு போடுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது. முன்பெல்லாம் அவரிடம் சொல்வேன். கேட்காத மனிதரிடம் சொல்லிச் சொல்லி, எனக்குப் பைத்தியமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விரிசலின் குறுக்கே கடைசியாகக் கெட்டி அட்டை ஒட்டினார். "இது கிழியாது பாரு, பைண்டிங் அட்டை" என்றார். சொன்ன மாதிரியே அட்டை கிழியவில்லை. சுவர்தான் பிய்ந்துகொண்டு வந்தது. ஒரு பக்கம் பூச்சு ஒட்டியபடி அட்டை கீழே கிடந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "நல்ல அட்டை" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சுவரே மிச்சம் இல்லை. சோபாவைத் தள்ளித் தள்ளிச் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டோம். போன வாரம் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டோம். "என்னம்மா, இவ்வளவு கிட்ட?" என்றான் பையன். "உன்னைக் கிட்டத்துல பாக்கணும்னுதான்டா" என்றேன்.

கட்டியவர்களின் அலுவலகத்துக்கு நானே போனேன். டை கட்டிய ஆள் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டி, "உங்க வீட்டுப் பொண்ணு எழுதினதாமே, உங்க சாரே சொன்னாரு" என்றான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ நேராகப் பையனுக்கு எழுதிவிடாதே, அது அவர் வாயால் வர வேண்டும். என்ன சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. நீ எழுதத் தெரிந்தவள். அவனிடம் சொல்ல ஒரு வரி எழுதி அனுப்பேன்.

அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அழகாக வருவதெல்லாம் பொய்யாக இருக்கிறது. கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"வீடு விழப்போகிறது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

இதை அப்படியே படியுங்கள். மெருகு போட வேண்டாம். லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதம் வருகிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 18

அன்புள்ள தட்டுக்காரிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்டு நாளாயிற்று, எழுது.

உன் வரி கிடைத்தது. அச்சுக்கலைப்படி அதில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை படித்தேன். அண்ணி படிப்பதாக இருந்தாள், தாளை என் பக்கம் நீட்டிவிட்டாள், நான் வாங்கிப் படித்தேன். என் சத்தம் எனக்கே கேட்காததால் ரொம்பவும் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஓட்டுநர் வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தார்கள்.

பையன் சொன்னதை அண்ணி எழுதிக் காட்டினாள்: "மார்ச்ல இருந்தே தெரியும்பா. சோபா நகர்ந்துட்டே இருந்துது. நீங்க சந்தோஷமா இருக்கோம்னு சொல்லிட்டே இருந்தீங்க, நான் எப்படிக் கேக்கறது?" அவனும் கட்டியவர்களுக்கு எழுதியிருக்கிறான். பதிலாக வந்த தாளில் முத்திரை குத்தி இருந்ததாம். அது யாருடைய வரி என்று அவனுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

தவணையோடு வாடகையும் கட்ட அவனால் ஆகாது. அதைச் சொல்லும்போது அவன் போனை எங்கோ திருப்பிக்கொண்டான், கொஞ்ச நேரம் ஒரு கூரை மட்டும் தெரிந்தது. உன் அறைக்கு வரலாம் என்று அண்ணி சொன்னாள். நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டால் குறை கேட்கவே ஆள் இல்லை என்று கட்டியவர்கள் கோப்பை மூடிவிடுவார்களாம். இது ஓட்டுநர் விசாரித்து வந்த செய்தி. அதனால் இருக்கிறோம். குடியிருந்தால் பழைய வீடு, குடியிராவிட்டால் கேட்பாரில்லாத வீடு. உன் மேலாளரைக் கேட்டால் இதற்கும் ஒரு முத்திரை வைத்திருப்பார்.

ஒரு லாபம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் சோபாவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். இப்போது பையன் ஞாயிற்றுக்கிழமை முதலில் எங்கள் உடம்பை விசாரிக்கிறான், அப்புறம் விரிசலை. "இந்த வாரம் எப்படி இருக்கு?" என்கிறான். நாங்கள் நகர்ந்து வழிவிடுகிறோம், அவன் அதைப் பார்க்கிறான். உறவுக்காரர்களில் அது ஒன்றுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சத்தம் அண்ணிக்குத்தான் கேட்கும் என்பதால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். படுக்கும்போது பழைய பாவாடை நாடாவின் ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையை அவள் கையிலும் கட்டிக்கொள்கிறோம். ஏதாவது கேட்டால் அவள் இழுக்க வேண்டும், நான் எழுந்து ஓட வேண்டும். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது நாடா வெடுக்கென்று இழுத்தது. எழுந்தேன், ஓடினேன், தெருவில் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வீடு அப்படியே இருக்கிறது. அண்ணியைக் காணோம். உள்ளே எட்டிப்பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். புரண்டு படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அறுந்த நாடா என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடும்போது அவளை எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய் நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு படுத்தேன். எழுந்ததும் அவள் முடிச்சைப் பார்த்தாள்.

நீ வா. கம்பியையும் எடுத்துக்கொண்டு வா, நான் குறுக்கே நிற்க மாட்டேன். மெதுவாகத் தட்டு.

அண்ணன்